கேட்போர் யார்?
புதிதாக இதழ் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோபிசெட்டிபாளையம்

சொந்தமாக ஓர் இதழ் தொடங்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



இந்த ஆண்டு மட்டும் உங்களைப் போன்ற மூன்று குழுவினர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து போனார்கள். ஒரு குழுவின் கையில் மாதிரி இதழே இருந்தது. இன்னொரு குழு பொருளடக்கத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தது. மூன்றாவது குழுவிடம் பெயர் மட்டும் இருந்தது, நல்ல பெயர். மூன்று குழுவினரிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "யார் படிக்கப்போகிறார்கள்?" பதிலும் ஒன்றாகவே வந்தது: "எல்லாரும்தாங்க ஐயா."

அந்தப் பதிலுக்கு அன்று நான் சொன்னது போதவில்லை. நீங்கள் போன பிறகும் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. உங்கள் உழைப்பும் பணமும் வீணாகிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

"எல்லோருக்கும்" என்ற சொல்லை ஒரு காலத்தில் நான் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறேன். எங்கள் மாத இதழின் பெயருக்குக் கீழே "அனைவருக்குமான மாத இதழ்" என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். மூன்று பாரம், நாற்பத்தெட்டுப் பக்கம். தலையங்கத்தில் உலக அரசியல், அடுத்து ஒரு சிறுகதை, நான்கு கவிதை, மஞ்சள் சாகுபடி பற்றி ஒரு கட்டுரை, ஆன்மிகம், சமையல், சினிமா, கடைசிப் பக்கத்தில் சந்தை விலை. ஒவ்வொன்றையும் அக்கறையோடுதான் செய்தோம். பேருந்து நிலையக் கடைகளுக்கும் அக்கம்பக்கத்து ஊர் ஏஜென்ட்டுகளுக்கும் அனுப்பினோம். ஆறாவது மாதம் ஒரு ஊரிலிருந்து வந்த ரிட்டன் கட்டை நான் இன்னும் மறக்கவில்லை. நாங்கள் கட்டி அனுப்பிய சணல் கயிறு, போட்ட முடிச்சு அவிழாமல், அப்படியே திரும்பி வந்திருந்தது. அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கட்டைப் பிரித்து யார் கையில் கொடுப்பது என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

விடை கிடைத்தது ஒரு பால் சொசைட்டி வாசலில். விடிகாலை ஆறு மணி இருக்கும். செயலாளரைப் பார்க்கப் போனவன், கையிலிருந்த இதழை மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். வரிசையில் ஓர் அம்மா, நாற்பது வயது இருக்கும், கேனைக் கொடுத்துவிட்டுப் பால் அட்டையை வாங்கினார். வாங்கியவர் உடனே நகரவில்லை. ஓரமாக வந்து நின்று, அன்றைய தேதிக்கு நேரே விரலை வைத்து, எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முந்தின நாள் வரியோடு ஒப்பிட்டார். ஓர் எண் சரியில்லை என்று பட்டதும் திரும்பிப் போய்க் கேட்டு, திருத்தி வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவு கூர்மையாக ஒருவர் அச்சடித்த தாளைப் படித்து நான் பார்த்ததில்லை.

பிறகு மேசைமேல் இருந்த எங்கள் இதழை எடுத்தார்.

"இது உங்க பொஸ்தகமுங்களா?"

"ஆமாங்க."

"மேல எல்லாத்துக்கும்னு போட்டிருக்குதுங்களே. எனக்குன்னு எந்தப் பக்கமுங்க?"

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். மஞ்சள் கட்டுரையைக் காட்டலாம் என்று அந்தப் பக்கத்துக்கு வந்தேன். மாசி மாதம் அது. அவர் தோட்டத்தில் மஞ்சளை வெட்டி எடுத்து வேக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கட்டுரையோ நடவுக்கு விதைக்கிழங்கு தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தது. சந்தை விலையைக் காட்டலாமென்றால் அது மூன்று வாரத்துக்கு முந்தையது. இதழை மூடினேன். "அடுத்த மாசம் பாருங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் அந்தப் பால் அட்டையை அவர் அப்படிப் படித்தார்? ஒவ்வொரு வரியும் அவருடையது. அவர் பசு, அவர் உழைப்பு, அவர் காசு. நாற்பத்தெட்டுப் பக்கத்தில் நாங்கள் செய்ய முடியாததை ஒரு கை அகல அட்டை செய்துவிட்டது.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. நன்னூலில் பவணந்தியார் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுத்திருக்கிறார். நூலை ஆக்கியவர் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குகிறது, பெயர் என்ன, எப்படி யாக்கப்பட்டது, எதைச் சொல்கிறது என்று வரிசையாக வரும். ஏழாவதாகக் கேட்போர், எட்டாவதாகப் பயன். இந்த நூலை யார் கேட்கத் தக்கவர், கேட்டால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை நூல் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் தமிழ் படித்தபோது மதிப்பெண்ணுக்காக இந்த எட்டையும் மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் உறைத்தது அந்தப் பால் சொசைட்டி வாசலில்தான். கேட்போரும் பயனும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். கேட்பவர் யாரென்று தெரியாதவனுக்குப் பயன் என்னவென்று சொல்ல வராது.

பாரதியும் தன் கேட்போரைக் குறித்துக்கொண்டுதான் எழுதினார். 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், ஓரிரு ஆண்டுகள் மட்டுமே நூல் படித்துப் பழகியவருக்கும் பொருள் விளங்க வேண்டும் என்பதைத் தன் நோக்கமாகச் சொல்கிறார். புலவர்கள் படிக்கட்டும், பாமரரும் படிக்கட்டும் என்று அவர் பொதுவாக விட்டுவிடவில்லை. ஓரிரு ஆண்டுப் பழக்கம் என்று அளவு சொன்னார். அந்த அளவுதான் அவருடைய சொல்லையும் சந்தத்தையும் தீர்மானித்தது. இன்று பாஞ்சாலி சபதத்தைப் பேராசிரியர்கள் ஆராய்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை மேடையில் சொல்கிறது. குறித்து எழுதியதால் வாசகர் குறைந்துபோகவில்லை.

நம் இதழியலில் இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் சி.பா. ஆதித்தனார். லண்டனில் சட்டம் படித்தவர், சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். 1942-இல் மதுரையில் தந்தியைத் தொடங்கியபோது தன்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்காக அவர் அதை நடத்தவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், ஒருவர் வாசிக்கக் காதால் கேட்பவர், இவர்கள்தான் அவர் மனதில் இருந்தார்கள். அதனால் தலைப்பு பெரிய எழுத்தில் வந்தது, வாக்கியம் சிறிதானது, பேச்சில் புழங்கும் சொல் அச்சேறியது. தன் செய்தியாளர்களுக்கு வழிகாட்ட இதழாளர் கையேடு என்று ஒரு புத்தகமே எழுதினார்.

இன்னொருவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் எழுத்து இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். மொத்தம் 119 இதழ்கள். அவர் குறித்த வாசகர் முற்றிலும் வேறு. கவிதை என்றால் என்ன, விமர்சனம் என்றால் என்ன என்று மல்லுக்கட்ட ஆயத்தமாக இருந்த சிலர். எண்ணிக்கை பெருக வேண்டும் என்று அவர் ஏங்கவில்லை. தன் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். பசுவய்யாவும் தருமு சிவராமுவும் அங்கே எழுதினார்கள். தமிழ்ப் புதுக்கவிதை வேர் பிடித்த நிலங்களில் ஒன்று அந்தச் சிறிய இதழ்.

ஒருவர் லட்சக்கணக்கானவர்களை நோக்கிப் போனார், மற்றவர் சில நூறு பேரை நோக்கி. இருவரில் யார் பாதை உங்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருவருக்கும் தாம் யாருக்காக உட்கார்ந்து எழுதுகிறோம் என்பது தெரிந்திருந்தது. செல்லப்பாவின் கட்டுரையைத் தந்தியில் போட்டிருந்தாலும், தந்தியின் தலைப்பை எழுத்துவில் போட்டிருந்தாலும் இரண்டுமே நின்றுபோயிருக்கும். "எல்லோருக்கும்" என்று சொல்லி நீங்கள் செய்யப்போவது அந்தக் கலவையைத்தான்.

யாழ்ப்பாணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். டொமினிக் ஜீவா 1966-இல் மல்லிகையைத் தொடங்கினார். முடி திருத்தும் கடையில் வேலை பார்த்த கையோடு இதழ் நடத்தியவர். இதழைத் தானே கையில் ஏந்தித் தெருவில் நடந்து விற்றார். தன் வாசகரின் முகத்தை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இதழை நீட்டும்போதெல்லாம் அந்த முகம் எதிரில் இருந்தது.

இனி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

பால் சொசைட்டியிலிருந்து திரும்பியதும் அந்த அம்மாவின் ஒரு நாளை ஒரு தாளில் எழுதினோம். தெரியாததை அவரிடமே போய்க் கேட்டோம். நாலரைக்கு எழுந்திருக்கிறார். பால் கறவை, சொசைட்டி, பிள்ளைகள், தோட்டம், மறுபடி கறவை. இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரை மணிக்குமேல் இருபது நிமிடம் கிடைக்கும், அதுவும் கூடத்தில் எரியும் ஒற்றை விளக்கில். எட்டாவது வரை படித்தவர். கண்ணாடி போட வேண்டிய கண், ஆனால் இன்னும் போடவில்லை. அந்தத் தாளை ஆசிரியர் குழு அறையின் சுவரில் ஒட்டினோம்.

ஒட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு முடிவும் எளிதானது. பத்து பாயிண்ட் எழுத்து பன்னிரண்டானது. ஒரு கட்டுரை இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. சந்தை விலைப் பக்கத்தை எடுத்துவிட்டோம். மாத இதழால் அதைச் சரியாகச் செய்ய முடியாது, ஈரோட்டு மஞ்சள் விலையை அவர் அன்றன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அந்த இடத்தில் "இந்த மாதம் தோட்டத்தில்" என்ற பக்கம் வந்தது. வைகாசி, ஆனியில் மஞ்சள் நடவு. பிறகு களையெடுப்பும் மண் அணைப்பும். ஐப்பசி மழையில் வடிகால் சரியாக இருக்கிறதா, கிழங்கு அழுகல் தெரிகிறதா என்று பார்ப்பது. தையில் இலை காய்ந்து சாய்ந்ததும் அறுவடைக்கு ஆயத்தம். அவர் கணக்கு தமிழ் மாதம். எங்கள் இதழோ ஆங்கில மாதம் முதல் தேதிக்கு வந்துகொண்டிருந்தது. ஆடிக்கான வேலையை ஆடி பிறந்து பதினைந்து நாள் கழித்துச் சொன்னால் யாருக்குப் பயன்? தமிழ் மாதம் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே இதழ் கையில் இருக்கும்படி அச்சகத் தேதியை மாற்றினோம். அது ஒன்றுக்காகவே பல சந்தாக்கள் வந்தன.

விற்கும் இடமும் மாறியது. அவர் பேருந்து நிலையக் கடையில் நின்று இதழ் புரட்டுபவர் அல்ல. உரக்கடைக்குப் போவார், மாட்டுத் தீவனம் வாங்கப் போவார், வாரச்சந்தைக்குப் போவார். இதழ் அங்கே போனது. மூன்றாம் ஆண்டில் அச்சிடும் பிரதிகள் முதலாண்டைப்போல இரண்டு மடங்கைத் தாண்டின. சணல் பிரியாத கட்டு ஒன்றுகூட அதன் பிறகு திரும்பி வரவில்லை.

குறுக்கினால் எப்படிப் பெருகும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குப் புரிந்தவரை இதுதான் காரணம். ஒரு வாசகருக்குத் தன்னைப் போன்ற பத்துப் பேரைத் தெரியும். "நம்மளுக்குன்னு ஒரு பொஸ்தகம் வருதுங்க" என்று ஒரே மூச்சில் அவரால் சொல்ல முடிந்தால், அந்தப் பத்துப் பேருக்கும் அதுவே போதும். "எல்லாமும் இருக்குங்க" என்றால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வாய்மொழி ஓடுவது ஒத்த வாழ்க்கையின் வழியே. அந்த வழி தெரியாத இதழை யாரும் இன்னொருவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார்கள்.

மற்றவர்கள் விலகிவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். எங்கள் சந்தாதாரர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், வங்கி ஊழியர்கள் இருந்தார்கள். கோவையில் வேலை பார்த்த ஒருவர் தன் அம்மாவுக்காகக் கட்டிய சந்தாவைத் தன் பெயருக்கும் சேர்த்துக் கட்டினார். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா பிள்ளைகளுக்கான இதழ். வீட்டுக்கு வந்ததும் முதலில் எடுப்பது தாத்தாவா பேரனா என்று சண்டை நடந்த வீடுகள் பல. ஒருவரிடம் நேராகப் பேசினால் பக்கத்தில் இருப்பவர் தானாகத் திரும்பிப் பார்ப்பார்.

நீங்கள் செய்து பார்க்கச் சில யோசனைகள்.

வாசகரை வயதுக் கணக்கில் குறிக்காதீர்கள். பதினெட்டு முதல் முப்பத்தைந்து வரை என்று எழுதி வந்திருந்தீர்கள். அதற்குள் செவிலியர் பயிற்சி மாணவியும் அடங்குகிறார், லாரி ஓட்டுநரும் அடங்குகிறார், கைக்குழந்தையோடு இருக்கும் தாயும் அடங்குகிறார். இவர்கள் மூவருக்கும் பொதுவாக இருப்பது பிறந்த ஆண்டு மட்டும்தான். சாதியையோ கட்சியையோ வைத்தும் குறிக்க வேண்டாம். அந்த வாசகர்கள் சீக்கிரம் வருவார்கள். ஆனால் அவர்கள் பிடித்து வைத்துக்கொள்வது உங்கள் பேனாவை. என்ன வேலை செய்கிறார், எது அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது, எப்போது அவருக்குப் படிக்க நேரம், எந்த வெளிச்சத்தில் என்பதை வைத்துக் குறியுங்கள்.

அப்படிப்பட்ட பத்துப் பேரை அவர்கள் இருக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். "இப்படி ஓர் இதழ் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரின் மனம் நோகக் கூடாது என்று நம் மக்கள் "ஆமாங்க" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாகக் காசு கொடுத்து எதை வாங்கிப் படித்தீர்கள்? எதைப் படித்துவிட்டு இன்னொருவருக்குக் காட்டினீர்கள்?" என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் உண்மை வரும்.

குறித்த வாசகருக்குப் பொருந்தாததை, நன்றாக இருந்தாலும், மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இது மனதுக்குக் கடினம். அருமையான கவிதைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றோடும் அதற்குப் பொருத்தமான இதழின் முகவரியை எழுதி அனுப்பினேன். அந்தக் கவிதைக்கும் தனக்குரிய கேட்போர் வேண்டுமல்லவா?

சந்தா முடிந்து புதுப்பிக்காதவரிடம் பேசுங்கள். புதிய சந்தாவின் மகிழ்ச்சியில் போனவரை மறந்துவிடுவோம். ஏன் நிறுத்தினார் என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, நீங்கள் அவரை விட்டு விலகிவிட்டீர்கள் என்பது; அதைத் திருத்துங்கள். மற்றது, அவர் வளர்ந்துவிட்டார் என்பது; அதற்கு வருந்தாதீர்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2022-இல் மாணவர் இதழ்களைத் தொடங்கியபோது நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் என்றும், ஆறு முதல் ஒன்பது வரை தேன்சிட்டு என்றும் பிரித்தே கொண்டுவந்தது. ஊஞ்சலில் ஆடும் பிள்ளை நாளைக்குத் தேன்சிட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று, நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. வாசகரைக் குறித்துக்கொள்வது அவர் காது குளிரப் பேசுவதற்காக அல்ல. யூரியாவைக் குறையுங்கள், முகத்தில் துணி கட்டாமல் மருந்து அடிக்காதீர்கள், கந்துவட்டிக்குக் கையெழுத்துப் போடும் முன் கூட்டுறவு வங்கிக்குப் போய்க் கேளுங்கள் என்று நாங்கள் எழுதியபோது சிலருக்குக் கோபம் வந்தது. சந்தாவை நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் முகம் தெரிந்தவரிடம்தான் கசப்பானதைச் சொல்ல முடியும், அதுவும் அவர் நன்மைக்குச் சொல்கிறோம் என்று அவர் நம்பும்படி. முகம் தெரியாதவரிடம் நாம் பேசுவதெல்லாம் மேடைப் பேச்சாகிவிடும்.

சில ஆண்டு கழித்து அந்த அம்மாவிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே எங்கள் இதழிலிருந்து கிழித்த ஒரு பக்கம். விதைநேர்த்தி பற்றிய குறிப்பில் ஓர் அளவைப் பேனாவால் வட்டமிட்டு, "இது தப்புங்க, போன வருசம் வேற சொன்னீங்க" என்று எழுதியிருந்தார். சரிபார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டோம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் படிந்த விரல் தடம் இருந்தது. பால் அட்டையை எப்படிப் படித்தாரோ அப்படி எங்கள் பக்கத்தையும் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்திருக்கிறார், தவறு கண்ட இடத்தில் திருத்தி வாங்கியிருக்கிறார். எனக்கு இதழாசிரியன் என்ற பெயர் பொருந்தியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முதல் இதழ் அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு அஞ்சலட்டையில் எனக்கு எழுதுங்கள். பெயரும் பொருளடக்கமும் வேண்டாம். உங்கள் கேட்போர் யார், இரவு எத்தனை மணிக்கு அவர் கையில் உங்கள் இதழ் இருக்கும், படித்து முடித்தால் அவருக்கு என்ன கிடைக்கும். இந்த மூன்றையும் எழுதினால் போதும். எழுத முடிந்ததும் முதல் சந்தாவை நான் கட்டுகிறேன், என் பெயருக்கு அல்ல, நீங்கள் எழுதிய அந்த மனிதரின் முகவரிக்கு.

பதிலை எதிர்பார்த்து,
உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற இதழாசிரியர் ஒருவர்